எண்ணெய் வடிப்பு மரையாணி

எண்ணெய் வடிப்பு மரையாணி என்பது, தானுந்துகளின் உந்துப்பொறியில் ஓடிப் பழையதாகிவிட்ட மசகு எண்ணெயை வெளியேற்றுவதற்காக எண்ணெய்த் தொட்டியின் அடியில் பொருத்தப்படும் மரையாணி ஆகும். பேச்சு வழக்கில் இது டிரெயின் போல்ட் அல்லது டிரெயின் பிளக் என்றும், இது பொருத்தப்பட்டுள்ள தொட்டி ஆயில் சம்ப் என்றும் அழைக்கப்படுகின்றன. எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் கழற்றி மீண்டும் பூட்டப்படுவதால், இறுகிப் போதல், தலை மழுங்குதல், மரை தேய்தல் ஆகிய பழுதுகள் இதற்கு ஏற்படுகின்றன. இறுகிப் போவதற்குத் துருவும் ஒரு காரணம் ஆகும். ஆயினும் முந்தைய முறை அளவுக்கு மீறி முறுக்கியதே முதன்மையான காரணம். எனவே இச்சிக்கலைத் தீர்க்கும் முறை, கழற்றுவதை மட்டுமன்றிச் சரியாகப் பூட்டுவதையும் உள்ளடக்கியதாகும்.

அமைப்பு

உந்துப்பொறியின் அடியில் உள்ள தொட்டியில் மசகு எண்ணெய் தேங்கி நிற்கிறது. எண்ணெய் இறைப்பி அதனை மேலே ஏற்றி, சுழல் தண்டு, உந்துதண்டு முதலிய உறுப்புகளுக்கு அனுப்புகிறது. பின்னர் எண்ணெய் மீண்டும் தொட்டிக்கே வழிந்து வருகிறது. தொட்டியின் மிகத் தாழ்வான இடத்தில் ஒரு மரைத்துளை இருக்கும். அதனை மூடுவதே வடிப்பு மரையாணியின் பணி. இதன் தலைக்கும் தொட்டிக்கும் இடையில் ஒரு வளையம், அதாவது வாஷர், இருக்கும். இது செம்பு, அலுமினியம், நார்ப்பொருள் அல்லது இரப்பர் பதித்த எஃகினால் செய்யப்படுகின்றது.

பல சிறு கார்களில் இந்த மரையாணியின் விட்டம் 14 மி.மீ., மரை இடைவெளி 1.5 மி.மீ., தலையின் அளவு 17 மி.மீ. ஆகும். டொயோட்டா நிறுவனத்தின் பல வண்டிகளில் விட்டம் 12 மி.மீ., தலை 14 மி.மீ. ஆக உள்ளது. பிரெஞ்சு நிறுவன வண்டிகள் சிலவற்றில் அறுகோணத் தலைக்குப் பதிலாக உட்குழிந்த சதுரத் துளை காணப்படும். இதற்குத் தனிக் கருவி தேவை.

பழைய வண்டிகளில் எண்ணெய்த் தொட்டி எஃகுத் தகட்டினால் ஆனது. பிற்கால வண்டிகள் பலவற்றில் அது அலுமினிய வார்ப்பாக உள்ளது. மரையாணியோ பெரும்பாலும் எஃகு. அலுமினியம் எஃகைவிட மென்மையானது. ஆகவே அளவுக்கு மீறிய விசை கொடுக்கப்படும்போது முதலில் அழிவது விலை குறைந்த மரையாணி அன்று. விலை மிகுந்த தொட்டியின் மரையே ஆகும்.

இறுகுவதற்கான காரணங்கள்

எண்ணெய் கசியாமல் தடுப்பது மரையின் இறுக்கம் என்ற கருத்து பரவலாக உள்ளது. உண்மையில் கசிவைத் தடுப்பது வளையமே. மரையாணி அவ்வளையத்தைச் சீராக அழுத்திப் பிடித்தால் போதும். பழைய, தட்டையாகிப்போன வளையத்தை மீண்டும் பயன்படுத்துவோர், சிறு கசிவைக் கண்டதும் மேலும் முறுக்குகின்றனர். அடுத்த முறை எண்ணெய் மாற்றுபவருக்கு அந்த மரையாணி அசையாமற் போகிறது.

எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது முறுக்கு விசையால் குறிக்கப்படுகின்றது. பள்ளிப் பாடநூல்களில் இது திருப்புத்திறன் என்ற பெயரில் வருகிறது. விசையை, அது செயற்படும் இடத்திற்கும் சுழலும் மையத்திற்கும் இடையிலான தூரத்தால் பெருக்கினால் இது கிடைக்கும். பல சிறு கார்களின் வடிப்பு மரையாணிக்கு விதிக்கப்பட்டுள்ள அளவு 30 முதல் 45 நியூட்டன் மீட்டர் வரை ஆகும். இதனை 40 என்று கொண்டால், 20 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 200 நியூட்டன் விசை, அதாவது ஏறத்தாழ 20 கிலோ எடை அளவான அழுத்தம் போதும். அதே ஸ்பேனரில் குழாயைச் செருகி 80 செ.மீ. ஆக நீட்டி, 30 கிலோ எடை அளவிற்கு அழுத்தினால், ஏறத்தாழ 240 நியூட்டன் மீட்டர் உண்டாகும். இது விதிக்கப்பட்ட அளவைப்போல் ஆறு மடங்கு. முறுக்குபவரின் கைக்கு வேறுபாடு பெரிதாகத் தெரிவதில்லை.

பொதுவாக ஒரு மரையாணியை முறுக்கச் செலவாகும் விசையில் ஏறத்தாழப் பாதி தலையின் அடியில் உள்ள உராய்விலும், ஐந்தில் இரண்டு பங்கு மரைகளின் உராய்விலும் கழிகின்றது. எஞ்சிய பத்தில் ஒரு பங்கே இறுக்கிப் பிடிக்கும் விசையாக மாறுகிறது. எனவே தலையைச் சுற்றிப் படியும் சேறும் துருவும், உட்புற மரைகள் நன்றாக இருந்தாலும்கூட, மரையாணியை அசையாமற் செய்ய வல்லவை.

ஓர் எடுத்துக்காட்டு: சென்னையின் மேற்குப் புறநகர்

துருவும் சேறும் ஓரிடத்தின் மழையையும் சாலைகளையும் பொறுத்தவை. திருவள்ளூர் மாவட்டத்தின் காட்டுப்பாக்கம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இவ்வூர் பரங்கிமலை–பூந்தமல்லி சாலையில், ஐயப்பன்தாங்கலுக்கும் பூந்தமல்லிக்கும் இடையில் அமைந்துள்ளது. இப்பகுதியில் ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. அக்காலத்தில் தாழ்வான தெருக்களில் நீர் தேங்குவதும், வண்டிகளின் அடிப்பகுதி சேற்று நீரில் நனைந்தே ஓடுவதும் வழக்கம். வடிப்பு மரையாணியே வண்டியின் மிகத் தாழ்வான உறுப்புகளுள் ஒன்று என்பதால் அதன் தலை எளிதில் துருப்பிடிக்கிறது.

2015 திசம்பர் பெருவெள்ளத்திலும், 2023 திசம்பரில் மிக்சாம் புயலின்போதும் சென்னையிலும் புறநகரிலும் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. மூழ்கிய வண்டியின் உந்துப்பொறியை இயக்காமல், முதலில் எண்ணெயை வடித்துப் பார்ப்பதே முறை. நீர் எண்ணெயைவிட அடர்த்தி மிகுந்ததாகையால் தொட்டியின் அடியில் தங்கும். மரையாணியைத் தளர்த்தியதும் முதலில் நீரே வெளிவருமாயின், பொறியினுள் நீர் புகுந்துள்ளது என்பது உறுதியாகும். இயக்கிய பின் வடித்தால் எண்ணெயும் நீரும் கலந்து பால்போன்ற கலவையாக வரும். இத்தகைய வேளையில் மரையாணி இறுகிக் கிடப்பது, உந்துப்பொறியையே இழக்கும் நிலைக்கு இட்டுச் செல்லக்கூடும்.

மரையாணிகளுடன் இப்பகுதிக்கு வேறொரு தொடர்பும் உண்டு. 1964 இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தானுந்து உதிரிப்பாகங்களைச் செய்யும் சிறு தொழிலகங்கள் பல உள்ளன. அருகிலுள்ள பாடியில் 1960களில் தொடங்கிய சுந்தரம் பாசனர்சு நிறுவனம் மரையாணிகளைப் பேரளவில் உற்பத்தி செய்து வருகிறது. பூந்தமல்லியைக் கடந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் சென்றால் வரும் இருங்காட்டுக்கோட்டையில், ஐயுண்டாய் நிறுவனம் 1998 முதல் கார்களைத் தயாரிக்கிறது. இத்தகைய தொழிற்சாலைகளில் ஒவ்வொரு மரையாணியும் அளவிட்ட முறுக்கு விசையுடனேயே பூட்டப்படுகின்றது. அந்த அளவு, வண்டி வெளியே வந்து முதன்முறை எண்ணெய் மாற்றும்போதே பெரும்பாலும் மறக்கப்பட்டுவிடுகிறது.

கழற்றுவதற்கு முன்

வண்டியின் அடியில் வேலை செய்வதில் மிகப் பெரிய இடர், வண்டி சரிந்து விழுவதே ஆகும். வண்டியுடன் தரப்படும் ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்கு மட்டும் உரியது. அதனை மட்டும் நம்பி எவரும் வண்டியின் அடியில் செல்லலாகாது. இறுகிய மரையாணியைக் கழற்றும்போது வண்டி பக்கவாட்டில் உலுக்கப்படுவதால் இவ்விடர் மேலும் கூடுகின்றது. கவனிக்க வேண்டியவை வருமாறு:

- தளம் சமமாகவும் கெட்டியாகவும் இருத்தல் வேண்டும். மழையில் ஊறிய மண் தரையில் தாங்கிகள் புதையும்.
- வண்டியின் எடையை எஃகுத் தாங்கிகள், அதாவது ஜாக்கி ஸ்டாண்டுகள், சுமக்க வேண்டும். செங்கல்லும் உட்குழிவுள்ள சிமெண்டுக் கல்லும் முன்னறிவிப்பின்றி நொறுங்கக்கூடியவை.
- தரையில் உள்ள சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கைத்தடையையும் இட வேண்டும்.
- உந்துப்பொறியைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்தி, தொட்டால் சுடாத அளவிற்கு ஆறவிட வேண்டும். நீண்ட தூரம் ஓடிய வண்டியின் எண்ணெய் 90 பாகை செல்சியசுக்கும் மேல் சூடாக இருந்து தோலைப் புண்ணாக்கும். நீரில் மூழ்கிய வண்டியில் இவ்வாறு ஓடவிடுதல் கூடாது.
- கழற்றப் போவது எண்ணெய்த் தொட்டியின் மரையாணிதானா என்று வண்டியின் கையேட்டைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். பற்சக்கரப் பெட்டிக்கும், அதாவது கியர் பாக்சுக்கும், இதே போன்ற மரையாணி உண்டு. தவறுதலாக அதனைக் கழற்றிவிட்டு உந்துப்பொறியில் புதிய எண்ணெயை ஊற்றினால், பற்சக்கரப் பெட்டி வறண்டும் உந்துப்பொறி நிரம்பி வழிந்தும் இரண்டும் பழுதாகும்.

அலுமினியத் தொட்டியில் வெதுவெதுப்பு மற்றொரு வகையிலும் உதவுகிறது. ஒரு மீட்டர் நீள அலுமினியம் ஒரு பாகை வெப்பநிலை உயர்வுக்கு ஏறத்தாழ 0.023 மி.மீ. விரிகிறது. எஃகு ஏறத்தாழ 0.012 மி.மீ. மட்டுமே விரிகிறது. இதனால் 14 மி.மீ. துளை, 50 பாகை உயர்வில் மரையாணியைவிட ஏறத்தாழ 0.008 மி.மீ. கூடுதலாக அகலும். இது மிகச் சிறிய அளவாயினும் மரைகளின் பிடியைத் தளர்த்தத் துணை செய்யும். எஃகுத் தொட்டியில் இரண்டும் ஒரே அளவில் விரிவதால் இப்பயன் இல்லை.

இறுகிய மரையாணியைக் கழற்றுதல்

வடிப்பு மரையாணிகள் வலப்புரி மரை கொண்டவை. தலையை நேருக்கு நேர் பார்க்கும்போது இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில், திருப்பினால் கழலும். மல்லாந்து படுத்து, கையை வளைத்து வேலை செய்பவர் திசையை மாற்றி நினைத்து மேலும் இறுக்கிவிடுவது உண்டு. முதலில் திசையை உறுதி செய்துகொள்வது பாதி வேலையைக் குறைக்கும்.

விசையைப் படிப்படியாகக் கூட்டுவதே பொதுவான முறை ஆகும்.

1. கம்பித் தூரிகையால் தலையையும் அதனைச் சுற்றிய பகுதியையும் துப்புரவு செய்தல். சேறு படிந்த தலையில் ஸ்பேனர் முழு ஆழத்திற்கு உட்காராது.
2. துரு நீக்கும் மெல்லிய எண்ணெயைத் தலையின் விளிம்பில் தெளித்துக் குறைந்தது அரை மணி நேரம் விடுதல். கிடைக்குமாயின் ஓர் இரவு விடுவது நன்று.
3. சரியான அளவுடைய, ஆறு மூலை கொண்ட சாக்கெட்டை அல்லது ரிங் ஸ்பேனரைப் பயன்படுத்துதல். பன்னிரண்டு மூலை கொண்டது தலையின் மூலைகளுக்கு அருகில் மட்டும் பிடிப்பதால் எளிதில் மழுக்கிவிடும். திறந்த வாய் ஸ்பேனர் இரண்டு பக்கங்களை மட்டுமே பற்றுவதால் இறுகிய மரையாணிக்கு ஏற்றதன்று. பழைய கருவிப் பெட்டிகளில் உள்ள அங்குல அளவு ஸ்பேனர்களைத் தவிர்க்க வேண்டும். பதினாறில் பதினொரு அங்குலம் என்பது 17.46 மி.மீ. ஆகும். 17 மி.மீ. தலையில் அது பொருந்துவதுபோல் தோன்றினும், அரை மி.மீ. இடைவெளி தலையை உருட்டிவிடப் போதுமானது.
4. சாக்கெட்டைத் தலையில் வைத்துச் சுத்தியலால் நேராக ஓரிரு முறை தட்டுதல். அதிர்வு துருவின் பிணைப்பை உடைக்கும்.
5. ஒரே சீராக அழுத்தாமல், ஸ்பேனரின் பிடியை உள்ளங்கையாலோ இரப்பர்ச் சுத்தியலாலோ சுருக்கெனத் தட்டுதல். நிலை உராய்வை வெல்வதற்கு நெடிய அழுத்தத்தைவிடக் குறுகிய அதிர்ச்சி பயன் தரும்.
6. அசையாவிடில், மிகச் சிறிதளவு இறுக்கும் திசையில் முயன்று, பின் மீண்டும் கழற்றும் திசையில் திருப்புதல்.
7. இறுதியாக நீண்ட பிடியுள்ள கருவியைப் பயன்படுத்துதல். அப்போது ஒரு கையால் சாக்கெட்டைத் தலையோடு சேர்த்து அழுத்திப் பிடித்து, மறு கையால் மெல்ல விசையைக் கூட்ட வேண்டும்.

விசை கூடியும் தலை திரும்பாது ஸ்பேனர் மட்டும் நழுவத் தொடங்குமாயின் உடனே நிறுத்திவிட வேண்டும். நழுவிய ஒவ்வொரு முறையும் மூலைகள் தேய்ந்து, எஞ்சியிருக்கும் வாய்ப்பும் குறையும். எண்ணெய் உள்ள தொட்டியைத் தீச்சுடரால் சூடாக்குவது தீ விபத்திற்கு வழிவகுக்கும் என்பதால் வீட்டில் அறவே கூடாது.

எண்ணெயை உடனடியாக மாற்ற வேண்டியிருந்தால், எண்ணெய் அளவு பார்க்கும் கோலின் குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி உறிஞ்சி எடுக்கும் முறையும் உண்டு. அடியில் சிறிது எண்ணெய் எஞ்சக்கூடும் என்றாலும், பொறியும் தொட்டியும் பாதுகாக்கப்படும். மரையாணியைப் பின்னர் பணிமனையில் கழற்றிக்கொள்ளலாம்.

தலை மழுங்கினால்

தலையின் மூலைகள் தேய்ந்த பின் பின்வரும் வழிகள் கையாளப்படுகின்றன.

- வைஸ் கிரிப் எனப்படும் பூட்டுக் குறட்டால் தலையை இறுகப் பற்றித் திருப்புதல்.
- உட்புறம் புரிவடிவப் பற்கள் கொண்ட தனிவகைச் சாக்கெட்டைத் தலையின் மீது அடித்து ஏற்றித் திருப்புதல். திருப்பத் திருப்ப இதன் பற்கள் தலையினுள் பதியும்.
- தலையின் விளிம்பில் உளியால் பள்ளம் வெட்டி, உளியைச் சாய்த்துக் கழற்றும் திசையில் தட்டுதல். இது கடைசி வழியாகும். குறி தவறினால் அலுமினியத் தொட்டி விரிசலடையும். எஃகுத் தகடு நெளியும்.

இவ்வாறு கழற்றப்பட்ட மரையாணியை மீண்டும் பூட்டலாகாது. புதியது வாங்கிய பின்னரே கழற்றத் தொடங்குவது அறிவுடைமை. இல்லையெனில் வண்டி எண்ணெயின்றி நின்றுவிடும்.

மரை தேய்ந்தால்

மரையாணி கழன்று வரும்போது அதன் மரைகளில் வெள்ளிநிற உலோகச் சுருள்கள் ஒட்டியிருந்தால், தொட்டியின் மரை பிய்ந்துள்ளது எனக் கொள்ளலாம். அதே துளையில் சற்றுப் பெரிய, தானே மரை வெட்டிக்கொள்ளும் மரையாணியைச் செலுத்துவது எளிய வழி. ஆயினும் இது சாய்ந்து ஏறக்கூடும். நீண்ட காலம் நிலைப்பதில்லை. துளையைப் பெரிதாக்கிப் புதிய மரை வெட்டி, எஃகுச் சுருளையோ உறையையோ பதிப்பது உறுதியான வழி. மரை வெட்டும் கருவியில் மசகுக் களிம்பைப் பூசினால் உலோகத் துகள்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். எஞ்சிய துகள்களைச் சிறிது எண்ணெய் ஊற்றிக் கழுவி வெளியேற்ற வேண்டும். தொட்டியில் விரிசல் இருப்பின் தொட்டியையே மாற்ற வேண்டியிருக்கும்.

மரை தேய்ந்ததை அறிந்தும் பசை தடவிப் பூட்டி ஓட்டுவது இடர் மிக்கது. ஓடும்போது மரையாணி கழன்று விழுந்தால், சிறு காரில் உள்ள 3 முதல் 4 லிட்டர் எண்ணெயும் விரைவில் வெளியேறிவிடும். எண்ணெய் அழுத்த விளக்கு எரிந்த பின்னும் ஓட்டினால் சில நிமிடங்களில் உந்துப்பொறி இறுகி நின்றுபோகும்.

மீண்டும் பூட்டுதல்

அடுத்த முறை மரையாணி எளிதாகக் கழலுமா என்பது இப்போது அதனைப் பூட்டும் முறையைப் பொறுத்தது. பழைய வளையம் துளையின் வாயில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து அகற்ற வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வளையங்கள் அமைந்தால் கசிவு ஏற்படும். புதிய வளையத்தை இட்டு, முதல் சில சுற்றுகளை விரலாலேயே ஏற்ற வேண்டும். விரலால் ஏறாத மரையாணி சாய்ந்து நுழைகிறது என்று பொருள். அப்போது ஸ்பேனரைப் போடாமல் வெளியே எடுத்து மீண்டும் தொடங்க வேண்டும்.

பின்னர் டார்க் ரெஞ்ச் எனப்படும் முறுக்கு விசை அளவியால் கையேட்டில் உள்ள அளவிற்கு இறுக்க வேண்டும். இக்கருவி இல்லாதவர், வளையம் தொட்டியைத் தொட்ட பின் குறுகிய ஸ்பேனரால் ஒரு கையால் மட்டும் இறுக்கி, விரைவில் ஒரு பணிமனையில் சரிபார்த்துக்கொள்வது நன்று. பஞ்சர் கடைகளில் உள்ள காற்றழுத்தத் துப்பாக்கியால் வடிப்பு மரையாணியைப் பூட்டக் கூடாது. புதிய எண்ணெய் ஊற்றி, பொறியைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, மரையாணியின் அடியில் ஈரம் உள்ளதா என்று பார்க்க வேண்டும். கசிந்தால் மேலும் முறுக்காமல் வளையத்தைச் சோதிப்பதே முறை.

பழைய எண்ணெயை அகற்றுதல்

பயன்படுத்திய உந்துப்பொறி எண்ணெயில் எரிதலின் கழிவுகளும் உலோகத் துகள்களும் கலந்துள்ளன. தோலில் நெடுநேரம் படுவது தீங்கு தரும் என்பதால் கையுறை அணிவது நன்று. இந்தியாவில் 2016 ஆம் ஆண்டின் இடர்மிகு கழிவு விதிகளின்கீழ் இது இடர்மிகு கழிவாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. 2024 ஏப்ரல் 1 முதல், பயன்படுத்திய எண்ணெயைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்வதில் உற்பத்தியாளருக்குப் பொறுப்பு விதிக்கும் ஒழுங்குமுறையும் நடைமுறைக்கு வந்தது. இதனைத் தூய்மை செய்து மீண்டும் மசகு எண்ணெய் ஆக்க இயலும்.

காட்டுப்பாக்கம் போன்ற ஊர்களில் இது பொதுநலன் சார்ந்ததும் ஆகும். அண்மையிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரி சென்னையின் குடிநீர் ஆதாரங்களுள் ஒன்று. கிணற்று நீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் பயன்படுத்தும் வீடுகளும் இப்பகுதியில் பல. மழைநீர் வடிகாலிலோ காலி மனையிலோ ஊற்றப்படும் எண்ணெய் முதல் மழையிலேயே நிலத்தடிக்கும் நீர்நிலைகளுக்கும் செல்லும். வடித்த எண்ணெயை மூடியுள்ள கலனில் அடைத்து, நீரோ பெட்ரோலோ கலக்காமல், பழைய எண்ணெயைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பணிமனையிடம் ஒப்படைக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

- மசகு எண்ணெய்
- முறுக்கு விசை
- உராய்வு
- திருகு மரை
- உள் எரி பொறி